ஒரு புஷ்ஷுக்கு புரோகிராம் எதற்கு?

சின்ன சிஎன்சி லேத்தில் கையால் ஓட்டுவதா, புரோகிராம் போடுவதா?

1. ஒரே ஒரு புஷ், ஃபேசிங், நீளம் குறைப்பது என்றால் ஹேண்ட்வீலிலேயே முடித்துவிடுங்கள். புரோகிராம் அடிக்கும் நேரத்தில் ஜாப் கைக்கு வந்துவிடும்.

2. மரை, வளைவு என்றால் ஒன்றே ஆனாலும் புரோகிராம்தான். மரை வெட்டும் ஜி76 ஒவ்வொரு வெட்டையும் அதே தடத்தில் இறக்கும். ஸ்பிண்டிலில் என்கோடர் இருக்கிறதா பாருங்கள். இல்லையேல் பொதுவாக மரை வெட்டும் வசதி இருக்காது.

3. எக்ஸ் அளவு விட்டமா, ஆரமா என்று உறுதி செய்யுங்கள். விட்டக் கணக்கில் 1 மி.மீ. குறைத்தால் டூல் நகர்வது 0.5 மி.மீ.தான். பல ஜாப்கள் வீணாவது இங்கேதான்.

4. புதுப் புரோகிராமை, இசட் ஆஃப்செட்டை சக்கிலிருந்து 50 மி.மீ. தள்ளி வைத்து, சிங்கிள் பிளாக்கில் காற்றில் ஓட்டுங்கள். ஜி0 வேகத்தில் டூல் சக்கில் மோதினால் சேதம் டிப்போடு நிற்காது.

5. சக் சாவியைக் கழற்றிய பிறகே சைக்கிள் ஸ்டார்ட். புரோகிராம் எம்3 வந்ததும் சக்கைச் சுழற்றும், சாவியைப் பார்க்காது.