நன்கொடை கொடுக்கும் முன்...

தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்கோ, விசேஷ நாளில் தீர்த்தமலைக்கோ போகிறீர்களா? அன்னதானம், திருப்பணி என்று யாராவது ரசீதுப் புத்தகத்தோடு அணுகினால் இவற்றைக் கவனியுங்கள்.

1. கோயிலுக்கான பணத்தை உண்டியலில் போடுங்கள். அல்லது கோயில் அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்குங்கள். அதுதான் கணக்கில் ஏறும்.

2. கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். தனிநபர் பெயர் என்றால் நிறுத்திவிடுங்கள். அசல் அட்டைமேல் வேறு ஸ்டிக்கரை ஒட்டியிருக்கலாம்.

3. அறக்கட்டளைக்கு 2,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பதென்றால் வங்கி வழியாகவே கொடுங்கள். ரொக்கத்துக்கு வருமான வரிச் சலுகை கிடையாது.

4. முதியோர், குழந்தைகள் இல்லமா? ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். என்ன தேவை என்று கேட்டுக் கொடுங்கள். பிறந்தநாள் கேக் குவிகிற இடத்தில் அரிசியும் மருந்தும் தீர்ந்திருக்கும். குழந்தைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கவே எடுக்காதீர்கள். வாங்குகிற பிள்ளைக்கும் மானம் உண்டு.

5. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் பணம் அனுப்புகிறாரா? அந்த அமைப்புக்கு 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். அனுமதியில்லாமல் வாங்குவது குற்றம்.