திரையில் ஆடும் ஊசல்

ரூ லூயி-பிளாங், பாரிஸ்

அன்புள்ள தம்பி,

லூயி-பிளாங்கில் ஏழாம் இலக்க மெத்ரோ ஏறினால் மாறாமலே ஜுசியூவில் இறங்கலாம். அங்கே முதலாமாண்டு மாணவருக்குப் பௌதிகச் செய்முறை வகுப்பு எடுக்கப்போகிறீர். ஊசல் பாடத்தைக் கணினியிலேயே முடித்துவிடும் எண்ணம் இருந்தால் சற்றுப் பொறும். ஜுசியூவிலிருந்து மேடேறி நடந்தால் பந்தெயோன். 1851இல் ஃபூக்கோ அங்கே 67 மீற்றர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டுப் பூமி சுழல்வதைக் காட்டினார். வெறுங்கையால் விட்டால் குண்டு பக்கவாட்டில் உதைபட்டு நீள்வட்டமாக ஆடும். அந்த ஆட்டமே பூமியின் சுழற்சி போல ஏமாற்றும். அதனால் குண்டை இழுத்து நூலால் கட்டி, அசைவு அடங்கியபின் நூலை எரித்துத்தான் ஆடவிட்டார்கள். திரை ஊசலுக்கு அந்த நூல் வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தினால் ஊசல் ஆடும் தளம் பாரிஸில் மணிக்குப் பதினொரு பாகை சொச்சம் திரும்பும், யாழ்ப்பாணத்தில் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய ஆறு நாள் என்று விடை வந்துவிடும். சூத்திரத்துக்குள் போட்டதைச் சூத்திரமே திருப்பித் தருகிறது. மாணவர் எதைப் பரிசோதித்தார்?

உண்மையான ஊசல்தான் வேண்டும் என்றால், கொலராடோ பல்கலைக்கழகத்தின் 2005ஆம் ஆண்டு ஆய்வைக் காட்டி உம்மை மறுப்பார்கள். மின்சுற்றைத் திரையில் கட்டிப் பழகியவர்கள், உண்மையான மின்குமிழோடும் கம்பியோடும் பழகியவர்களைவிட நன்றாக விடையளித்தார்கள்; பிறகு உண்மைச் சுற்றைக் கட்டுவதிலும் முந்தினார்கள். நல்ல ஆய்வுதான். ஆனால் அந்தத் திரை, கம்பிக்குள் இலத்திரன் ஓடுவதைக் காட்டியது. கண்ணுக்கு எட்டாத விஷயம் அது. ஊசலோ கண்முன்னே ஆடுகிறது. அங்கே பழக வேண்டியது அளக்கும் வேலை. நிறுத்தற்கடிகாரத்தில் விரல் பிந்துகிறது. நீளத்தைக் குண்டின் மையம்வரை அளந்தோமா என்று சந்தேகம் வருகிறது. 30 பாகையில் விட்டால் அலைவு காலம் பாடப்புத்தகச் சூத்திரத்தைவிட 1.7 சதவீதம் நீள்கிறது. இந்த வழுக்களை எல்லாம் துடைத்துவிட்டுத்தான் திரை நமக்கு ஊசலைத் தருகிறது.

மாணவர் அதிகம், கருவி குறைவு என்பார்கள். நூலும் ஒரு இரும்பு நட்டும் கணினியைவிட மலிவு. கைபேசியை ஒதுக்கவும் நான் சொல்லவில்லை. ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபொக்ஸ் செயலி கைபேசியையே அளவுகருவி ஆக்குகிறது; அதையே ஊசலாகத் தொங்கவிடலாம். ஆனால் நீளத்தைக் கொடுத்தால் ஈர்ப்பு ஆர்முடுகலையும் செயலியின் ஒரு பக்கமே கணித்துத் தந்துவிடும். அந்தப் பக்கத்தைத் திறக்க விடாதேயும். தரவை மட்டும் எடுக்கட்டும், கணக்கைத் தாளில் போடட்டும். தொடங்குமுன் என்ன விடை வரும், எவ்வளவு பிசகும் என்று ஒவ்வொருவரிடமும் பேனையால் எழுதி வாங்கும். 9.4 வந்தவரிடம் எங்கிருந்து எங்கே அளந்தார் என்று கேளும். சரியாக 9.81 கொண்டு வருபவரிடம் இன்னும் கூடக் கேளும்.

அன்புடன்,
ஓர் அண்ணன்