படம் பார்க்கும் கணினிக்கு விதியும் சொல்லலாமா?

கேள்வி: இறாலின் படத்தை வைத்து வெண்புள்ளி நோயைச் சொல்லும் நிரலோடு எங்கள் பண்ணை அனுபவத்தையும் சேர்க்க முடியுமா?
– வாசகர், முந்தல்

பதில்: முடியும், சேர்க்கத்தான் வேண்டும். அந்த நிரலில் இயங்கும் நரம்பியல் வலையமைப்புக்குத் தெரிவது படம் மட்டுமே. ஓட்டில் வெள்ளைப் புள்ளி பாக்டீரியாவாலும் வரும், நீரின் காரத்தன்மை கூடினாலும் வரும். ஒல்லாந்தர் கால்வாயில் நீர் எடுக்கும் அயல் குளத்தில் நோய் கண்டதா, பயிர் நாட்காட்டி உங்கள் வலயத்துக்குக் குறித்த காலத்தில்தான் குஞ்சு விட்டார்களா என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். ‘இரு குளங்களுக்கும் ஒரே நீர், ஒன்றில் நோய் என்றால் மற்றதற்கும் ஆபத்து’ என்று விதியாக எழுத, 1972-இல் பிரான்சின் மார்செயில் பிறந்த புரோலாக் மொழி இருக்கிறது.

வலையமைப்பையும் விதிகளையும் இணைக்கும் டீப்புரோப்லாக் என்ற நிரல்மொழியை 2018-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் ரோபின் மன்ஹேவும் குழுவினரும் வெளியிட்டனர். வலையமைப்பு ‘நோய், 70 சதவீதம்’ என்றால் அந்த எண் விதிகளுக்குள் போய் இறுதி நிகழ்தகவாக வெளிவரும். என்னை வியக்க வைப்பது அதன் பயிற்சி முறை. கையால் எழுதிய இரண்டு இலக்கங்களின் படங்களையும் கூட்டுத்தொகையையும் மட்டுமே கொடுத்தார்கள். எது 3, எது 5 என்று சொல்லவேயில்லை. கூட்டல் விதி வழியாகவே வலையமைப்பு இலக்கங்களை இனங்காணக் கற்றது. அப்படியே, இறால் ஒவ்வொன்றுக்கும் குறிப்பெழுதாமல், குளத்துக்கு ஒரு பிசிஆர் சோதனை முடிவை வைத்தும் பயிற்றிப் பார்க்கலாம்.

விதிகள் பெருகினால் கணக்கிடும் நேரம் மளமளவென்று ஏறும். நீர்வழி பற்றிய சில விதிகளோடு தொடங்குங்கள்.