மருந்தை வெல்லும் நுண்ணுயிர்

நுழையும்முன்

சிறு காயமும் உயிரைப் பறித்த காலம் ஒன்று இருந்தது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் அந்நிலையை மாற்றின. இன்று அம்மருந்துகளே வலுவிழந்து வருகின்றன. அதன் காரணத்தைச் சிறுநீர்ப்பாதைத் தொற்றைச் சான்றாகக் கொண்டு அறிவோம்.

எளிய நோயும் பெருந்தீங்கும்

சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுதல், அடிவயிற்று வலி ஆகியன சிறுநீர்ப்பாதைத் தொற்றின் அறிகுறிகள். இந்நோய் பெண்களையே மிகுதியாகத் தாக்குகிறது. இதனைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஈ. கோலை என்னும் பாக்டீரியா. குடலில் தீங்கின்றி வாழும் இது, சிறுநீர்ப்பாதையை அடைந்தால் நோயை விளைவிக்கிறது. உரிய மருந்தைச் சில நாள் உட்கொண்டால் நோய் தீரும். மருந்து பயனளிக்காவிடில் தொற்று சிறுநீரகத்துக்குப் பரவும்; குருதியில் கலந்து உயிருக்கே ஊறு செய்யும்.

மாறுவது எது?

‘உடல் மருந்துக்குப் பழகிவிட்டது’ என்று கூறுவோர் உளர். அது பிழையான கருத்து. மாறுவது உடலன்று, பாக்டீரியாவே. ஏற்ற சூழலில் ஈ. கோலை ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிளந்து பெருகும். அப்போது அதன் மரபணுவில் தற்செயலாகச் சில மாற்றங்கள் நேர்கின்றன. அவற்றுள் ஒன்று மருந்தைத் தாங்கும் ஆற்றலைத் தந்துவிடலாம். மருந்தைச் சந்திக்கும் முன்னரே இம்மாற்றம் நிகழ்ந்துவிடுகிறது என்பதை ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் இணையர் 1952இல் சோதனை வழியே விளக்கினர். மருந்து எதிர்ப்பைப் படைப்பதில்லை. எதிர்ப்பற்றவற்றை அழித்து, எதிர்ப்புடையவை பெருக இடமளிக்கிறது. தேவையின்றி உண்ணும் ஒவ்வொரு மாத்திரையும் அவற்றுக்கு வழிவிடுகிறது.

எதிர்ப்பின் வழிகள்

சில பாக்டீரியாக்கள் பீட்டா லாக்டமேஸ் என்னும் நொதியால் பெனிசிலின் வகை மருந்துகளைச் சிதைக்கின்றன. சில, உட்புகுந்த மருந்தை வெளியேற்றுகின்றன. சில, மருந்து பற்றும் இடத்தையே மாற்றிக்கொள்கின்றன. இவ்வாற்றலுக்குரிய மரபணுக்களைப் பிளாஸ்மிடு என்னும் டி.என்.ஏ. வளையத்தின் வழியாகப் பிற பாக்டீரியாக்களுக்கும் வழங்குகின்றன. அவை ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதால், ஒருவர் செய்யும் பிழை அவரோடு முடிவதில்லை.

தெரிந்து தெளிவோம்

அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928இல் பெனிசிலினைக் கண்டறிந்தார். 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில், போதிய அளவின்றி மருந்தைப் பயன்படுத்தினால் நுண்ணுயிர்கள் எதிர்ப்பாற்றல் பெறும் என எச்சரித்தார்.

வருமுன் காப்போம்

நோயையும் அதன் முதற்காரணத்தையும் ஆராய்ந்தே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. சிறுநீர் வளர்ப்புச் சோதனை அந்நெறியின் இன்றைய வடிவம் எனலாம். நோய்க்குக் காரணமான பாக்டீரியா எது, அதனை அழிக்கும் மருந்து எது என்பவற்றை அச்சோதனை காட்டுகிறது. சளி, சாதாரணக் காய்ச்சல் முதலியன பெரும்பாலும் வைரசால் வருவன. அவற்றுக்கு நுண்ணுயிர்க்கொல்லி பயன்படாது. மருத்துவர் குறித்த மருந்தை, குறித்த அளவில், குறித்த நாள்வரை உட்கொள்ள வேண்டும். எஞ்சிய மாத்திரையைப் பிறர்க்குக் கொடுத்தல் கூடாது. முன்னோர் தேடித் தந்த மருந்துகளின் வலிமையை வருந்தலைமுறைக்கும் காத்து அளிப்பது நம் கடமை.

கற்பவை கற்றபின்

1. ‘மாறுவது உடலன்று, பாக்டீரியாவே’ – இக்கூற்றை விளக்கி ஒரு பத்தி எழுதுக.
2. மருந்துகளை முறையாகப் பயன்படுத்துதல் குறித்த விழிப்புணர்வு முழக்கத்தொடர்களை உருவாக்கி வகுப்பறையில் காட்சிப்படுத்துக.