பனிக்காலக் கோவாச் செய்கை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கோவா நன்கு சுருளுவது மார்கழி, தை மாதக் குளிரிலேயாம். ஆகவே அக்காலத்திற்கு ஏற்ப முன்கூட்டியே விதைத்தல் வேண்டும்.

ஐப்பசி முற்பகுதியில் நாற்றுமேடை அமைக்க. மழைநீர் தேங்காதவாறு மேடையை 6 அங்குலம் உயர்த்துக. அதன்மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்தால் நாற்றழுகல் நோய் குறையும். விதைத்தபின் கடுமழை தாக்காதவாறு கிடுகினாற் பந்தலிட்டு, நாற்றுகள் வளர வளர வெயில் படவிடுக.

நான்கு வாரம் கடந்ததும், கார்த்திகையில், மக்கிய எரு இட்ட பாத்திகளில் 18 அங்குல இடைவெளியில் மாலை வேளையில் நடுக. வடிகால் அவசியம். மழை ஓய்ந்ததும் தவறாது நீர் இறைத்தல் வேண்டும்.

தை மாதத்தில் நட்டால் என்ன நேரும்? கோவா சுருளும் பருவத்தில் பங்குனி வெயில் வந்துவிடும். சுருள் இறுகாது, இலையே மிகும். மழையற்ற நாட்களில் இலையைத் துளைக்கும் சிறு பச்சைப் புழுவும் பெருகும். இறைப்புச் செலவும் உழைப்பும் வீணாகும். வாரம் இருமுறை இலையின் அடிப்புறத்தைப் பார்த்து, முட்டையையும் புழுவையும் நசுக்கி அழிக்க.

அறுவடைக்குப்பின் அதே பாத்தியில் நோக்கோலோ முள்ளங்கியோ இடாது, வெங்காயம் அல்லது பயற்றை செய்க. கோவாவின் பீடைகள் அவற்றில் தொடரா.