காத்திருப்போர் பட்டியலும் முத்துப் பாரும்

முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற இக்கடற்கரையில் பிறந்த நமக்குக் காத்திருத்தல் புதியதன்று. கடலுக்குப் போனவர் கரை திரும்பும்வரை கண் விழித்திருந்த தாய்மாரின் பிள்ளைகள் நாம். ஆயினும், கல்லூரியில் இடம் கேட்டு விண்ணப்பித்த பின், 'உண்டு' என்றும் சொல்லாமல் 'இல்லை' என்றும் சொல்லாமல், காத்திருப்போர் பட்டியலில் நம் பெயரை வைத்துவிட்டால் என்ன செய்வது? பத்தாம் வகுப்பில் இருக்கும் நமக்கு அந்த நாள் வர இன்னும் இரண்டு ஆண்டுகளே உள்ளன. இப்போதே சிந்திப்பது நன்று.

எங்கள் தோழி ஒருத்தியின் அக்காளுக்குச் சென்ற ஆண்டு இது நேர்ந்தது. தந்தை உப்பளத் தொழிலாளி. அக்கா பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் பெற்று, ஒரே ஒரு கல்லூரிக்கு, ஒரே ஒரு பாடத்திற்கு விண்ணப்பித்தார். பட்டியலில் பதினோராவது பெயராகக் காத்திருக்கச் சொன்னார்கள். "உண்டென்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இது என்ன பதில்?" என்று தந்தை வருந்தினார். அக்கா மூன்று வாரம் யாரையும் பார்க்காமல் வீட்டிலேயே இருந்தார். அதற்குள் மற்றக் கல்லூரிகளில் கடைசித் தேதி கடந்துவிட்டது. பட்டியலோ எட்டாவது பெயரோடு நின்றது. "ஒரு வருஷம் வீட்டில் இருக்கட்டுமே" என்றார்கள் உறவினர்கள். பெண் பிள்ளைக்கு அந்த 'ஒரு வருஷம்' பல வீடுகளில் எப்படி முடிகிறது என்பதை நாம் அறிவோம். நல்ல வேளையாக, அவர் தாயார் அதற்கு இடம் கொடுக்கவில்லை. இந்த ஆண்டு மூன்று கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, இப்போது கணிதம் படிக்கிறார். கீழே வரும் யோசனைகளுள் பல அவர் எங்களுக்குச் சொன்னவை.

நம் ஊர் முத்துக்குளிப்பு இதற்கு நல்ல பாடம். அந்நாளில் கடலுக்கடியில் உள்ள முத்துப் பார்களில் நினைத்த நேரத்தில் யாரும் குளித்துவிட முடியாது. முதலில் அதிகாரிகள் பாரைச் சோதித்து, மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து, முத்துகளை மதிப்பிடுவார்கள். சிப்பி இளசாக இருந்தால் அந்த ஆண்டு குளிப்பு இல்லை, தள்ளி வைப்பார்கள். சில சமயம் பல ஆண்டுகள் தொடர்ந்து குளிப்பே இருக்காது. அப்போது முத்துக்குளிப்போர் கரையில் கைகட்டி உட்காரவில்லை. சங்கு குளிக்கப் போனார்கள். அதனால் வயிறும் நிறைந்தது, மூச்சடக்கும் பழக்கமும் குறையவில்லை. இங்கு அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. ஆயினும் 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இதே தூத்துக்குடியில் சிப்பிகளை வளர்த்து உருண்டை முத்துகளை உண்டாக்கிக் காட்டினார்கள். ஒரு வழி அடைபட்டபோது வேறு வழி திறந்தது!

காத்திருப்போர் பட்டியல் ஏன் நகர்கிறது? முதலில் இடம் பெற்றவர்களுள் சிலர் மருத்துவம், பொறியியல், செவிலியர் படிப்பு என்று கலந்தாய்வுக்குப் பின் சென்றுவிடுவார்கள். அவர்கள் விட்ட இடம் மதிப்பெண்ணையும் இட ஒதுக்கீட்டையும் பார்த்து அடுத்தவருக்குப் போகிறது. ஆகவே பட்டியலில் இருப்பது அவமானமன்று. அதற்காக அது வாக்குறுதியும் அன்று. இதை மனத்தில் கொண்டு நாம் செய்ய வேண்டியவை:

1. ஒருநாள் அழலாம். மறுநாள் எழுந்து, கல்லூரி அறிவிப்பை முழுவதும் படித்து, அடுத்த பட்டியல் வெளிவரும் நாளையும் பணம் கட்ட வேண்டிய கடைசி நாளையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. வேறொரு கல்லூரியில் இடம் கிடைத்தால் அதை விடக்கூடாது. மாணவியின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும், சேர்க்கை முடியும் முன் விலகினால் எவ்வளவு கட்டணம் திருப்பித் தர வேண்டும் என்றும் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் விதி வகுத்தது. பெற்றோர் இதை அறிந்திருத்தல் நலம்.

3. அதே கல்லூரியில் நெருங்கிய வேறு பாடம் உண்டா என்று கேட்க வேண்டும். சுயநிதிப் பிரிவு என்றால் கட்டணம் எவ்வளவு என்பதை வீட்டில் கலந்து பேசிய பின்பே சம்மதிக்க வேண்டும்.

4. விடைத்தாள் மறுமதிப்பீட்டில் மதிப்பெண் கூடினால் கல்லூரிக்கு உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நாள்தோறும் அலுவலகத்திற்குப் போன் செய்வதால் பெயர் மேலே ஏறாது.

5. இடைப்பட்ட நாள்களில் ஆங்கிலம், தட்டச்சு, கணினி என ஏதேனும் ஒன்றைக் கற்க வேண்டும். அதுவே நாம் குளிக்கும் சங்கு!

அமெரிக்காவிலும் இத்தகைய நிலை உண்டு. அங்கே நவம்பரிலேயே முன்கூட்டி விண்ணப்பிப்பவர்களுள் சிலருக்கு, 'மற்றவர்களோடு சேர்த்து மீண்டும் பார்க்கிறோம்' என்று டிசம்பரில் பதில் வரும். அவர்கள் புதிய மதிப்பெண்களோடு சுருக்கமாக ஒரு கடிதம் அனுப்பிவிட்டு, மற்றக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பிக்கிறார்கள். கடல் கடந்தாலும் வழி ஒன்றே.

இதே மன்னார் வளைகுடாக் கரையில், இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள் விமானியாக விரும்பினார். டேராடூனில் விமானப் படைத் தேர்வுக்கு வந்த 25 பேருள் அவருக்கு ஒன்பதாவது இடம். எடுத்துக்கொள்ளப்பட்டவர்களோ எட்டுப் பேர்! மனம் நொந்து ரிஷிகேசம் சென்று சுவாமி சிவானந்தரிடம் ஆறுதல் பெற்றார். ஆனால் அவர் முன்னமே டில்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் வேலைக்கும் நேர்முகத் தேர்வுக்குச் சென்றிருந்தார். அந்த வேலை கிடைத்தது. அதில் தொடங்கியவர் ராக்கெட்டுகள் செய்தார். 2002-இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார். அந்த இரண்டாவது விண்ணப்பம் இல்லாதிருந்தால்?

விவிலியத்தில் மணமகன் வரத் தாமதமானபோது பத்துக் கன்னியரும் காத்திருந்தார்கள். பத்துப் பேரும் உறங்கியும் விட்டார்கள். ஆயினும் ஐவரிடம் மட்டுமே எண்ணெய் இருந்தது. தோழியரே, காத்திருப்பது நம் கையில் இல்லாமல் போகலாம். எண்ணெய் வைத்திருப்பது நம் கையில்தான் உள்ளது. பெற்றோரே, எங்கள் பெயர் பட்டியலில் பின்னால் இருந்தாலும், 'வீட்டில் இருக்கட்டும்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பனிமய அன்னை நம் அனைவருக்கும் நல்வழி காட்டுவாராக!