திராட்சை விதையா, பிரண்டை விதையா?

ஓசூரில் வெர்னியர் காலிப்பர் பிடிக்கத் தெரியாத ஆள் கிடைப்பது அரிது. அகழாய்வுக் குழியில் கிடைத்த கருகிய விதையை அதே வெர்னியரில் நெருக்கிப் பொடியாக்கியவர்களையும் பார்த்துவிட்டேன். கரியைக் கருவி தொடக் கூடாது. நுண்ணோக்கியின் கீழ் அளவுகோலோடு படமெடுத்து, படத்தில்தான் அளக்க வேண்டும்.

மண்ணைத் தண்ணீரில் கலக்கி, மிதப்பதை 0.3 மி.மீ. சல்லடையில் பிடித்து நிழலில் உலர்த்துங்கள். கருகாத விதை இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். மழையும் வெயிலும் மாறி மாறிப் படும் நம் மண்ணில் அது காலம் காலமாகத் தங்காது. யாரோ மதியச் சாப்பாட்டோடு தின்று துப்பியதாகத்தான் இருக்கும்.

அடுத்தது, அது திராட்சைதானா என்பது. நம் பக்கத்துப் பையம்பள்ளி அகழாய்வில் கிடைத்தவை கருகிய கொள்ளு, பச்சைப்பயறு போன்றவைதான். ஆகவே திராட்சை என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். விதையைப் புரட்டுங்கள். முதுகில் கரண்டிக்குழி போல ஒரு வட்டத் தழும்பு, வயிற்றில் நடு முகடும் அதன் இருபுறமும் இரண்டு பள்ளங்களும், நுனியில் மூக்கு என எல்லாம் இருந்தால் திராட்சை. தழும்பு வட்டமாக இல்லாமல் நீளக் கோடாக ஓடினால் பிரண்டை. அதுவும் திராட்சைக் குடும்பம்தான். கிருஷ்ணகிரிப் பாறைகளில் வேண்டிய மட்டும் படர்ந்து கிடக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்கச் சந்தையில் பெங்களூர் ப்ளூ வாங்காதீர்கள். பக்கத்திலேயே விளைகிறதே என்று எல்லோரும் செய்யும் தவறு இது. அதில் அமெரிக்க லாப்ரஸ்கா இனம் கலந்திருக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சை வாங்குங்கள்.

இனி, மாட்டிக்கொள்ளும் இடம்: அது பயிர்த் திராட்சையா, காட்டுத் திராட்சையா என்பது. 1911இல் ஸ்டும்மர் என்ற ஆய்வாளர் ஒரு கணக்குச் சொன்னார்: அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 44 முதல் 53 வரை வந்தால் பயிர்த் திராட்சை, 76 முதல் 83 வரை வந்தால் காட்டுத் திராட்சை, இடையில் வந்தால் எதுவும் சொல்ல முடியாது. காட்டு விதை உருண்டை, மூக்கு குட்டை. பயிர் விதை நீளம், மூக்கும் நீளம். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் விதை கருகும்போது அகலத்தைவிட நீளம் அதிகம் சுருங்கும். 6.8 மி.மீ. நீளம், 3.5 அகலம் உள்ள விதைக்கு எண் 51. அதுவே கருகி 5.6க்கு 3.4 ஆனதாக வைத்துக்கொள்ளுங்கள்; எண் 61 ஆகிவிடும். பயிர் விதை காட்டு விதையின் பக்கம் நகர்ந்துவிட்டது!

இதற்கு வழி ஒன்றுதான்: நீங்களே கருக்கிப் பாருங்கள். பன்னீர் விதைகளை அலுமினியத் தாளில் சுற்றி, மணல் நிரப்பிய டப்பாவில் புதையுங்கள். சிப்காட் தொழிற்பேட்டையில் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை வைத்திருப்பவரிடம் கேட்டால் உலையில் ஓரமாக இடம் கொடுப்பார். 250, 300 டிகிரி என்று தனித்தனியாகச் சுட்டு, முன்னும் பின்னும் அளந்து எழுதி வையுங்கள். மங்காஃபா, கோட்சாகிஸ் என்ற ஆய்வாளர்கள் 1996இல் இப்படிக் கருக்கிப் பார்த்துத்தான், மூக்கின் நீளத்தையும் தழும்பின் இடத்தையும் சேர்த்துப் புதிய சூத்திரங்கள் தந்தார்கள். எண் ஒன்றை மட்டும் நம்புவதைவிட அது மேல். ஒற்றை விதைக்குத் தீர்ப்பு எழுதுவதை நான் ஏற்பதில்லை.

பயிர்த் திராட்சையின் காட்டு மூதாதை ஐரோப்பாவிலிருந்து மத்திய ஆசியா வரை வளர்வது, தமிழ்நாட்டில் கிடையாது. கிருஷ்ணகிரி மண்ணில் எடுத்த விதைக்கு உங்கள் கணக்கு ‘காட்டுத் திராட்சை’ என்று சொன்னால், முதலில் பிரண்டையோடு இன்னொரு முறை ஒப்பிடுங்கள்.